கட்டிலை எண்ணாதீங்கோ, பற்றரியைக் கேளுங்கோ

இந்தக் கிழமை எபிசோடில ஏரிக்கரைக்கு வான் எடுத்துப் போறது பற்றி ஒரு பத்து நிமிஷம்தான் கதைச்சம். அதிலயும் அரைவாசி எடிட்டில போயிட்டுது. மிச்சத்தை இங்க எழுதுறன்.

லண்டனில இருக்கிற எங்கட பெடியள் காம்பர் வான் வாடகைக்குத் தேடேக்க முதல்ல தட்டிற ஃபில்டர், "எத்தனை பேர் படுக்கலாம்?" ஆப்களும் அதைத்தான் மேல வச்சிருக்கு. அதை வச்சு வான் தெரிவு செய்யிறது பிழை எண்டுதான் நான் சொல்லுவன். "6 பேர் படுக்கலாம்" எண்டு போட்டிருக்கிற வானில பெல்ட் உள்ள சீட் 4 தான் இருக்கும். மற்ற ரெண்டு பேரும் எப்பிடி வாறது? பக்கவாட்டில இருக்கிற சோபாவில பெல்ட் இல்லாமல் 300 மைல் இருந்து வாறதோ? சின்னப் பிள்ளையின்ர கார் சீட்டை அந்தச் சோபாவில பூட்டவே ஏலாது. 14 வயசுக்குக் கீழ உள்ள ஆக்கள் பெல்ட் போடாட்டிப் பொறுப்பு ட்ரைவருக்கு. படுக்கிற எண்ணிக்கை வேற, பயணம் செய்யிற எண்ணிக்கை வேற. விளம்பரத்தில ரெண்டாவதைச் சின்ன எழுத்தில போட்டிருப்பினம்.

அடுத்தது நிறை. இதை ஒருத்தரும் கேக்கிறேல்லை. 1997 ஜனவரி 1 க்குப் பிறகு கார் டெஸ்ட் பாஸ் பண்ணின நீங்களும் நானும் சாதாரண லைசன்ஸில 3,500 கிலோ வரையான டீசல் வான்தான் ஓடலாம். அதுக்கு முதல் பாஸ் பண்ணினவைக்கு 7,500 கிலோ வரை இருக்கு. எண்பதுகளின்ர கடைசியில வந்து இங்க டெஸ்ட் எடுத்த அப்பாமாருக்கு அந்த உரிமை உண்டு, எங்களுக்கு இல்லை! ஆனா 70 வயசில மருத்துவச் சோதனை செய்து புதுப்பிக்காட்டி அவையளுக்கும் அது போயிடும். ஆகவே 3,500 கிலோவுக்குள்ள நிக்கிற வான்தான் எங்களுக்கு. அந்த 3,500 ஏத்திற சாமானோட சேத்துத்தான். பெரிய மோட்டர்ஹோம் சிலதில ஆக்கள், சாமான், தண்ணி எல்லாத்துக்கும் சேத்து 300, 400 கிலோதான் மிச்சம் இருக்கும். நாலு பெரிய ஆக்கள், தாங்கியில 100 லீட்டர் தண்ணி, அம்மா கட்டித் தாற சாப்பாட்டுப் பெட்டி மூண்டு, ஒரு மூட்டை அரிசி எண்டு கணக்குப் போட்டுப் பாருங்கோ. வாடகைக்காரரிட்ட "பேலோட் எவ்வளவு?" எண்டு கேளுங்கோ. பதில் தெரியாத ஆளிட்ட வான் எடுக்காதீங்கோ.

அளவில என்ர தெரிவு 6 மீட்டருக்கு உட்பட்ட பனல் வான். ஃபியட் டுகாட்டோவை மாத்திக் கட்டினது எண்டா 5.99 மீட்டர் நீளம், கண்ணாடியை விட்டா 2.05 மீட்டர் அகலம். பின்னால வீடு மாதிரிக் கட்டின மோட்டர்ஹோம் 2.3 மீட்டர் வரும். அந்த 25 சென்டிமீட்டர் பெரிய விஷயமாத் தெரியாது. லேக் டிஸ்ட்ரிக்டில ரெண்டு பக்கமும் கல்லு மதில் இருக்கிற றோட்டில எதிர்ப்பக்கத்தால ஒரு ட்ராக்டர் வரேக்க விளங்கும். கூகுள் மப்ஸ் உங்கட வானைக் கார் எண்டு நினைச்சுத்தான் வழி சொல்லும். ஆம்பிள்சைடில இருந்து வாஸ்ட் வாட்டருக்கு, அதுதான் இங்கிலாந்தின்ர ஆழமான ஏரி, 79 மீட்டர், வழி கேட்டா ரைனோஸ், ஹார்ட்நொட் கணவாய்களால அனுப்பப் பாக்கும். அங்க சரிவு மூண்டுக்கு ஒண்டு. வானோட அந்தப் பக்கம் போகவே வேண்டாம். அவ்வளவு தூரம் போவானேன், லண்டனிலயே ரொதர்ஹைத் சுரங்கத்தில 2 மீட்டருக்கு மேல உயரமோ அகலமோ உள்ள வாகனம் போகக்கூடாது. உயரமும் அகலமும் குடுத்து வழி கேக்கிற நவிகேஷன் ஆப் ஒண்டைப் போட்டுக்கொள்ளுங்கோ. இந்தப் பயணத்தில நான் காசு குடுத்து வாங்கச் சொல்லுற ஒரே சொஃப்ட்வெயர் அதுதான்.

யூலெஸ் பற்றி ஒரு வரி. 2023 ஓகஸ்ட் 29 இல இருந்து லண்டனின்ர எல்லா பரோவிலயும் அது இருக்கு. தனியாரிட்ட எடுக்கிற பழைய டீசல் வான் யூரோ 6 இல்லாட்டி ஒரு நாளுக்கு 12.50 பவுண்ஸ். நாள் எண்டா நள்ளிரவில இருந்து நள்ளிரவு. இரவு 11 மணிக்கு வந்து வானை வீட்டு வாசலில விட்டு, விடிய ஓடிக்கொண்டு போய்க் குடுத்தா ரெண்டு நாள் காசு.

எங்க போறது? "ஏரிக்கரையில எங்கயாவது நிப்பாட்டிப் படுக்கலாம்" எண்டு ரீல்ஸில காட்டிறது இங்க அவ்வளவு லேசில்லை. இங்கிலாந்தில நிலச் சொந்தக்காரரின்ர அனுமதி வேணும். 2025 மே மாசம் உச்ச நீதிமன்றம் டார்ட்மூரில கூடாரம் அடிக்கிற உரிமையை உறுதி செய்தது, ஆனா அது முதுகுப் பையோட நடந்து போறவைக்கு. ஸ்கொட்லாந்தின்ர 2003 நிலச் சட்டம் தாற உரிமையும் மோட்டர் வாகனத்துக்கு இல்லை. லொக் லோமண்ட் பக்கம் மார்ச்சில இருந்து செப்டெம்பர் வரை கரையோரத்தில கன இடத்தில கூடாரத்துக்கே பெர்மிட் வேணும். அதனால நான் சொல்லுற இடம் நோர்தம்பர்லண்டில இருக்கிற கீல்டர். 1982 இல திறந்த நீர்த்தேக்கம், கொள்ளளவில நாட்டிலயே பெரிய செயற்கை ஏரி. சுத்திக் காடு. 2013 இல இருந்து அந்தப் பகுதி இருள்வானப் பூங்கா. ஹரோவில வளர்ந்த பிள்ளையளுக்குப் பால்வீதியைக் காட்ட வேணும் எண்டா அங்க கொண்டு போங்கோ. ஹெக்ஸமில டீசல் நிரப்பிட்டு ஏறுங்கோ.

இப்ப முக்கியமான விஷயம், கரண்ட். வாடகை வானில வழமையா இருக்கிறது 100 ஆம்பியர்-மணி லெட் பற்றரி ஒண்டு. 12 வோல்ட்டால பெருக்கினா 1,200 வாட்-மணி. லெட் பற்றரியைப் பாதிக்குக் கீழ இறக்கினா அது பழுதாகும், ஆக உங்களுக்குக் கிடைக்கிறது 600. ரைஸ் குக்கர் 700 வாட், அரை மணித்தியாலம். இன்வேட்டரில போற நட்டத்தோட சேத்தா 400 கிட்ட. ஒரு சட்டி சோத்துக்கு உங்கட பற்றரியின்ர மூண்டில ரெண்டு பங்கு முடிஞ்சுது. பிறகு ஃபிரிட்ஜ், லைட், தண்ணிப் பம்ப், நாலு பேரின்ர போன். விடியக்காலமை ஹீட்டரின்ர ஃபான் சுத்தக் கரண்ட் இல்லாமல் எல்லாரும் போர்வைக்குள்ள நடுங்கிக்கொண்டு கிடப்பியள். லிதியம் பற்றரி எண்டா கிட்டத்தட்ட முழுசாப் பாவிக்கலாம். அதனாலதான் சொல்லுறன், கட்டிலை விட்டிட்டு "பற்றரி லெட்டோ லிதியமோ, எத்தனை ஆம்பியர்-மணி?" எண்டு கேளுங்கோ. 200 ஆம்பியர்-மணி லிதியம் உள்ள ரெண்டு பேர் வான், 100 லெட் உள்ள ஆறு பேர் வானை விட எவ்வளவோ மேல். கூரையில சோலார் இருக்கெண்டு பெருமையாச் சொல்லுவினம். ஜூனில சரி, ஒக்டோபரில காட்டு மரத்துக்குக் கீழ அதை நம்பேலாது.

சைட்டில கரண்ட் இணைப்பு இருந்தாலும் கவனம். 10 ஆம்பியர் எண்டா 2,300 வாட். வீட்டுக் கேத்தல் 3,000. தேத்தண்ணி வைக்கப் போய் எல்லாரின்ர கரண்டும் நிக்கும். என்ர முறை, சோறு காஸில சட்டியில, வடிச்சு. அப்பம்மாக்களுக்கு இது டெக்னோலொஜியே இல்லை.

காஸ் எண்டதும் இன்னொண்டு. நீலச் சிலிண்டரில இருக்கிற பியூட்டேன் பூச்சியம் டிகிரி கிட்ட வந்தா ஆவியாகாது. அடுப்பும் எரியாது, காஸில ஓடுற ஹீட்டரும் எரியாது. புரோப்பேன் மைனஸ் 42 வரைக்கும் வேலை செய்யும். ஏப்ரலிலயோ ஒக்டோபரிலயோ கீல்டர் போறியள் எண்டா சிகப்புச் சிலிண்டர் கேளுங்கோ. கார்பன் மொனொக்சைட் அலார்ம் இருக்கோ எண்டு பாத்து, பட்டனை அமத்திச் சத்தம் வருதோ எண்டும் பாருங்கோ. அணைஞ்ச மாதிரி இருக்கிற பார்பிக்யூவைக் குளிருக்கு உள்ளுக்குக் கொண்டுவந்து வச்சுப் படுத்து எழும்பாமல் போன ஆக்கள் இந்த நாட்டில இருக்கினம். இதில பகிடி இல்லை.

இவ்வளவு கணக்கும் ஆருக்காக? எனக்கு எண்டா கூடாரம் காணும். வான் தேவைப்படுறது அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போறதுக்குத்தான். "காம்பிங் போவம்" எண்டு நான் முதல்முறை சொல்லேக்க அம்மா கேட்டா, "ஏன் காம்புக்குப் போகோணும்?" அவையின்ர காதில காம்ப் எண்டா ஆமிக் காம்ப். தமிழில முகாம் எண்டு மாத்தினாலும் தப்பேலாது, அது அகதி முகாம். 1995 இல யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டவைக்கும், 2009 இல மெனிக் பாமுக்குள்ள இருந்தவைக்கும் தரப்பாளுக்குக் கீழ படுக்கிறது விடுமுறை இல்லை. இரவில டோர்ச்சும் கையுமாப் பொது ரொய்லெட்டுக்கு நடந்து வரிசையில நிக்கிறதைக் காசு குடுத்துச் செய்ய வேணுமோ எண்டு அப்பா கேட்டதுக்கு என்னட்டப் பதில் இல்லை.

அதனால பெரியாக்கள் வாற பயணத்துக்கு ரெண்டு விஷயத்தில விட்டுக்குடுக்க மாட்டன். ஒண்டு, கதவு பூட்டக்கூடிய தனி ரொய்லெட். கட்டிலுக்குக் கீழ இருந்து இழுத்து எடுக்கிற பெட்டியை ரொய்லெட் எண்டு விளம்பரத்தில போட்டிருப்பினம், படத்தை வடிவாப் பாருங்கோ. கசெட் 20 லீட்டருக்குள்ளதான் வரும், நாலு பேருக்கு ரெண்டு நாள் காணும், வெறுமையாக்கிறது பிள்ளையளின்ர வேலை. ரெண்டாவது, ஏணி ஏறாத கட்டில். கூரையில எழும்பிற கட்டில் இன்ஸ்டாவில வடிவு, 65 வயசு முழங்காலுக்கு வடிவில்லை. ஆறு பேர் எண்டா ஒரு பெரிய மோட்டர்ஹோமை விட ரெண்டு சின்ன வான் நல்லது எண்டு நினைக்கிறன். காசு கூடத்தான். ஆனா பெரியாக்கள் ஒன்பது மணிக்குப் படுப்பினம், நீங்கள் ரெண்டு மணிவரை நட்சத்திரம் பாக்கலாம்.

நெட் பற்றிக் கேப்பியள். ஷெயார்ட் ரூரல் நெட்வேர்க் எண்ட திட்டம், 2025 முடிவுக்குள்ள நாட்டின்ர நிலப்பரப்பில 95 வீதத்துக்கு 4ஜி எண்ட இலக்கோட போட்டது. "குறைஞ்சது ஒரு நிறுவனத்திட்ட இருந்து" எண்டது அதின்ர ரெண்டாவது பாதி. அந்த ஒரு நிறுவனம் உங்கட சிம்மா இருக்க வேணும் எண்டு இல்லை, ஆகவே நாலு பேரும் ஒரே நெட்வேர்க்கில போகாதீங்கோ. ஸ்டார்லிங்க் மினி 25 இல இருந்து 40 வாட் வரை எடுக்கும். 30 எண்டு வச்சாலும் நாள் முழுக்க விட்டா 720 வாட்-மணி, மேல சொன்ன லெட் பற்றரியில இருக்கிற 600 ஐயும் தாண்டிட்டுது. டெக் பொட்காஸ்ட்காரன் சொல்லுறன், அதை வீட்டில விட்டிட்டு வாங்கோ. ஐபோன் 14 இலயும் அதுக்குப் பிறகு வந்ததுகளிலயும் சட்டலைட் எஸ்ஓஎஸ் இங்க 2022 டிசம்பரில இருந்து வேலை செய்யுது, ஆனா வானம் வெளிச்சுத் தெரிய வேணும், காட்டுக்குள்ள நிண்டு பிடிக்காது. "ரெஜிஸ்டர்" எண்ட இங்கிலிஷ் சொல்லை 999 க்கு எஸ்எம்எஸ் அனுப்பி இப்பவே பதிஞ்சு வையுங்கோ. பிறகு அவசரத்துக்கு எழுதியும் கூப்பிடலாம்.

25 வயசு ஆகாத ஆக்களுக்குப் பாதி இடத்தில வான் தராயினம், சில இடம் 21 க்கோ 23 க்கோ தரும், இன்சூரன்ஸ் காசு ஏறும். டிவிஎல்ஏ தளத்தில எடுக்கிற லைசன்ஸ் கோட் 21 நாளுக்குத்தான் செல்லும், முன்கூட்டியே எடுத்து வச்சுப் பிரயோசனம் இல்லை.

போன வருஷம் நான் எடுத்த வானின்ர ஒப்பந்தத்தில ஒரு வரி இருந்தது, பேர் வேண்டாம்: "கடும் மணமுள்ள சமையல்" செய்தா துப்புரவுக் காசு வெட்டப்படும் எண்டு. பேக்கன் பொரிக்கிற மணம் அந்தக் கணக்கில வருமோ எண்டு எழுதிக் கேட்டன். பதில் வரேல்லை, காசும் வெட்டேல்லை. வெளியில ஓனிங்குக்குக் கீழ ஒற்றை அடுப்பு வச்சுத்தான் மீன் பொரிச்சம். நீங்களும் கையெழுத்து வைக்க முதல் அந்த வரியைத் தேடுங்கோ. இருந்தா எழுத்தில விளக்கம் கேளுங்கோ, மெசேஜை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கோ.