அற்பர் அளந்த ஆகாயம்

பிரபஞ்சத்தின் விஸ்தீரணத்தை எடுத்துச் சொல்லி மனிதனை அற்பனென்று முடிப்பது நமது பிரசங்கிகளுக்குக் கைவந்த கலை. கேட்பவர்களும் ஒரு நாழிகை வைராக்கியம் பூண்டு, எழுந்து வரும்போது அதைப் பந்தலிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். நாம் சிறியவர்கள் என்பதில் எனக்கும் ஆட்சேபமில்லை. ஆனால் அந்தச் செய்தி அசரீரியாக வந்ததன்று, மனிதரே கண் நோகக் கணக்கிட்டுக் கண்டது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

பெண்களைத் தொலைநோக்கியின் அருகே விடாத அக்காலத்தில், அமெரிக்காவின் ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத்தில் மணிக்கு 30 சென்ட் கூலிக்கு அமர்ந்து, பெரு தேசத்து அரெகிப்பாவில் எடுத்தனுப்பிய கண்ணாடித் தகடுகளில் மிளகுப்பொடி சிந்தினாற்போல் கிடந்த நட்சத்திரங்களுள் எது மங்கிற்று, எது துலங்கிற்று என்று தகட்டோடு தகடு ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டிருந்தவர் ஹென்ரியட்டா லெவிட் என்னும், செவிப்புலன் குன்றிய பெண்மணி. மெகல்லன் மேகங்கள் எனப்படும் நட்சத்திரத் திரள்களில் 1,777 மாறொளி விண்மீன்களை அட்டவணைப்படுத்தி 1908-ல் வெளியிட்ட அவர், அவற்றுள் ஒருவகை நட்சத்திரம் எவ்வளவு பிரகாசமானதோ அவ்வளவு நிதானமாக மங்கித் துலங்குகிறது என்பதை, 25 நட்சத்திரங்களைக் கொண்டு 1912-ல் ஸ்தாபித்தார். துலங்கும் கால அளவு தெரிந்தால் மெய்யான ஒளி தெரியும். அந்த ஒளி நம் கண்ணுக்கு எவ்வளவு மங்கி வந்து சேர்கிறது என்று பார்த்தால் தூரம் தெரியும். அகண்ட வெளிக்கு அளவுகோல் அகப்பட்டது இப்படித்தான்.

நமது பால்வீதியே பிரபஞ்சம் முழுவதும் என்று ஷேப்லி போன்ற பெரிய வானசாஸ்திரிகள் வாதாடிக்கொண்டிருக்க, 1923 அக்டோபரில் மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியால் ஆண்ட்ரோமீடாவைப் படம்பிடித்த எட்வின் ஹப்பிள், புதிதாய் வெடித்த நட்சத்திரமென்று தகட்டில் தாமே இட்ட குறியை அடித்துவிட்டு, மாறொளி விண்மீன் என்று ஆச்சரியக்குறியோடு எழுதினார். அதுவும் லெவிட் கண்ட வகையே. அவருடைய கோலால் அளந்ததில் வந்த தூரம் சுமார் 9 லட்சம் ஒளியாண்டு. இன்றைய கணக்கில் 25 லட்சம். ஆண்ட்ரோமீடா நம் பால்வீதிக்குள் அடங்காத வேறொரு மண்டலம் என்பது அத்துடன் நிச்சயமாயிற்று. நமது சிறுமை இவ்வளவென்று நிர்ணயமாகி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுதான் ஆகிறது என்றால், அதை அனாதிகாலத்து உண்மை போலப் பேசி மனிதனைத் தலைகுனியச் சொல்வது என்ன நியாயம்?

ஹப்பிளின் பெயரை விண்வெளித் தொலைநோக்கிக்கே இட்டுவிட்டார்கள், தகும். லெவிட்டை நோபல் பரிசுக்குப் பிரேரேபிக்க எண்ணி ஸ்வீடன் தேசத்துக் கணித மேதை மிட்டாக்-லெஃப்ளர் 1925-ல் கடிதம் எழுதினார். அந்த அம்மையார் 1921-லேயே காலமாகிவிட்ட செய்தி அவருக்கு எட்டியிருக்கவில்லை.