மண்ணீரலையும் கவனியுங்கள்



எனது சிறுநீரகம் ஒன்று இப்போது என் தங்கையின் உடலில் இயங்குகிறது. அவளைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றபோது வைத்தியர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இடப்பக்க விலா எலும்புகளின் கீழே, கைமுஷ்டி அளவில், சுமார் 150 கிராம் நிறையுடன் இருப்பது மண்ணீரல். குருதியை வடிகட்டிக் கிருமிகளை அழிக்க உதவுவது அதன் பணி. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காதிருக்கக் கொடுக்கப்படும் மாத்திரைகள் நோயெதிர்ப்புச் சக்தியைக் குறைக்கின்றன. அதனால் வைரஸ் தொற்று, காசநோய், நிணநீர்ப் புற்றுநோய் என்பன சிலருக்கு மண்ணீரலைப் பாதிக்கலாம். மிக அரிதாக, வீங்கிய மண்ணீரல் அடிபடாமலே வெடித்து, வயிற்றினுள் குருதி பெருகும்.

சிறுநீரகம் நிலைக்கட்டும் என்று மண்ணீரலையே அகற்றும் வழக்கமும் 1970களில் இருந்தது. கடுமையான தொற்றுக்கள் ஏற்பட்டதால் அது பின்னர் கைவிடப்பட்டது.

ஆகவே, இடப்பக்க மேல்வயிற்றிலோ இடது தோளிலோ திடீர் வலி, தலைச்சுற்று, காய்ச்சல் கண்டால், ‘வாயு’ என்று தைலம் தடவிக்கொண்டு இருக்காதீர்கள். கிளினிக் கொப்பியுடன் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர் என்பதை முதலில் கூறுங்கள். பயந்து மாத்திரைகளை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; கிடைத்த சிறுநீரகமே பழுதாகிவிடும்.