வரி கட்டுவது யார்?

"எங்க வரிப் பணத்துலதானே படிக்கிறீங்க?" கல்வி உதவித்தொகை வாங்கும் நம் மாணவர்களில் இந்தப் பேச்சைக் கேட்டுக் குறுகாதவர்கள் குறைவு. இனி குறுக வேண்டாம் தோழர்களே, கணக்கைப் பேசுவோம்.

தீப்பெட்டி வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் ஜிஎஸ்டி கட்டுகிறோம். இது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது, உள்ளாட்சிகள் வசூலிக்கும் தொழில் வரி.

சென்னையில் அரையாண்டு வருமானம் 21,000 ரூபாயைத் தாண்டினாலே, அதாவது மாதம் 3,500-க்கு மேல் சம்பாதித்தாலே, இந்த வரி வந்துவிடுகிறது. 75,000-ஐத் தாண்டினால் அரையாண்டுக்கு 1,250 ரூபாய். அதற்கு மேல் படியே கிடையாது. மாதம் 13,000 வாங்கும் ஜவுளிக்கடை ஊழியரும் இரண்டு லட்சம் வாங்கும் மேலாளரும் ஆண்டுக்கு அதே 2,500 ரூபாய்தான் கட்டுகிறார்கள். முன்னவருக்கு அது வருமானத்தில் 1.6 சதவீதம், பின்னவருக்கு 0.1 சதவீதம். கோடிகளில் புரளும் நிறுவனத்துக்கும் இதே உச்சவரம்புதான்.

ஏன்? அரசமைப்புச் சட்டத்தின் 276-ஆவது பிரிவு போட்ட பூட்டு அது. ஆண்டுக்கு 250 ரூபாயாக இருந்த வரம்பு, 1988-இல் 60-ஆவது திருத்தத்தால் 2,500 ஆனது. அதோடு நின்றுவிட்டது. 12,000 ஆக உயர்த்தலாம் என்று 14-ஆவது நிதிக்குழு சொல்லியும் பூட்டு திறக்கவில்லை.

மேலே பூட்டு இருப்பதால் உள்ளாட்சியின் கை கீழேதான் நீள்கிறது. 2024-இல் சென்னை மாநகராட்சி வரியை உயர்த்தியபோது, அரையாண்டுக்கு 45,001 முதல் 60,000 வரை ஈட்டுவோரின் வரி 690-லிருந்து 930 ஆனது. உச்சப் படி அதே 1,250. இன்னொரு பக்கம், புதிய முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று 2025-இல் ஒன்றிய அரசு அறிவித்தது. மாதம் லட்சம் வாங்குபவருக்கு அங்கே விலக்கு. பத்தாயிரம் வாங்குபவருக்கு இங்கே உயர்வு.

இந்தப் பணம் உள்ளாட்சியின் சொந்த வருவாய். கால்வாயும் தெருவிளக்கும் குடிநீரும் இதிலிருந்து வரவேண்டியவை. வருவாய் குறைந்தால் முதலில் தள்ளிப்போவது நம் காலனியின் கால்வாய் என்பதை நாம் வேலை செய்யும் ஊர்களில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நம் கோரிக்கைகள் இரண்டு. நாடாளுமன்றம் உச்சவரம்பை உயர்த்தி, மேல் வருமானத்துக்குப் புதிய படிகள் வர வழிவிட வேண்டும். அதுவரை காத்திராமல், குறைந்த வருமானக்காரர்களுக்குத் தமிழக அரசு விலக்கு தர வேண்டும்.

மாகாண நிதியைப் பற்றி ஆய்வு செய்து 1925-இல் நூலாக வெளியிட்டவர் அண்ணல் அம்பேத்கர். வரியும் நம் அரசியல்தான். அடுத்த கிராம சபைக்குப் போங்கள். தொழில் வரி எவ்வளவு வந்தது, எந்தத் தெருவுக்குச் செலவானது என்று கேளுங்கள். வரி கட்டுபவர்களாகவே கேளுங்கள்.