சோனகத் தெரு கற்பித்தது

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும்போதெல்லாம் யாழ்.குடாநாட்டில் பாராட்டுப் பதாகைகள் தொங்குகின்றன. மகிழ்ச்சியே. ஆயினும், புத்தகத்தை விட்டு எழாத இப்பிள்ளைகள் தம் அயலவரைப் பற்றி எதனை அறிவர் என்று நாம் கேட்க வேண்டியுள்ளது.

1990 ஒக்டோபருக்கு முன்னர் இக்கேள்வி எழுந்திருக்காது. யாழ்.நகரின் சோனகத் தெருப் பக்கம் காற்சட்டைக்கு அளவு கொடுக்கச் சென்ற தமிழ்ச் சிறுவன், நோன்பு மாதத்தில் தையற்காரர் ஏன் பகலில் தண்ணீரும் அருந்துவதில்லை என்பதை அங்கேயே அறிந்தான். இரும்புக்கடையில் தந்தைக்குத் துணைநின்ற முஸ்லிம் சிறுவன், ஆடியில் ஏன் எவரும் புதுவீட்டுக்கு அத்திவாரம் இடுவதில்லை என்பதை வாடிக்கையாளரிடம் கேட்டறிந்தான். எந்த ஆசிரியரும் இதனைக் கற்பிக்கவில்லை. எவரும் பரீட்சையும் வைக்கவில்லை.

அவ்வாண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டனர். விடுதலைப் புலிகள் வழங்கிய அவகாசம் இரண்டு மணித்தியாலம். வடக்கிலிருந்து அவ்வேளையில் வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளாயினர். பறிபோன வீடு, நகை, கடை பற்றி ஓரளவாவது பேசப்பட்டது. இரு சமூகத்துப் பிள்ளைகளும் தெருவில் பெற்றுவந்த இக்கல்வி அறுந்தது பற்றி எவரும் பேசவில்லை; எம்மைப் போன்ற பத்திரிகைக்காரரும் பேசவில்லை.

புத்தளத்தில் பிறந்த பிள்ளைக்கு யாழ்ப்பாணம் பெற்றோர் சொல்லும் கதை. குடாநாட்டில் பிறந்த பிள்ளைகள் பலருக்கு முஸ்லிம் அயலவர் என்பது பாடநூலில் ஒரு பந்தி. இத்தனைக்கும் இருவரின் தாய்மொழியும் தமிழே.

போர் முடிந்த 2009 இன் பின்னர் ஒரு பகுதியினர் திரும்பியுள்ளனர். ஆனால் பாடசாலைகள் தமிழ், முஸ்லிம் எனப் பிரிந்தே இருக்கின்றன. பிள்ளைகள் சந்திக்கக்கூடிய மாலைகளையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் தனியார் கல்வி நிலையங்கள் விழுங்குகின்றன. பெற்றோரை மாத்திரம் குறைகூறுவதற்கில்லை. காணியையும் தொழிலையும் நம்ப முடியாத காலத்தில் அவர்கள் கல்வி ஒன்றையே நம்பினார்கள்.

நல்லிணக்கக் கருத்தரங்குகளால் இது தீராது. அங்கே பேசுவோர் பெரியவர்கள். கைதட்டுவது மட்டுமே பிள்ளைகளின் வேலை. கல்வி அதிகாரிகளிடம் நாம் கேட்பது சிறிய விடயம். ஞாயிறு வகுப்புகளை நிறுத்துங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறாவது அயற் பாடசாலைப் பிள்ளைகள் ஜின்னா மைதானத்துக்குச் சென்று, அங்குள்ள பிள்ளைகளுடன் கலந்த அணிகளாக விளையாடட்டும். ஆட்டம் முடிந்ததும் உடனே பஸ்ஸில் ஏற்றிவிடாமல், ஒரு மணித்தியாலம் அவர்களைச் சோனகத் தெருவில் சேர்ந்து நடக்க விடுங்கள்.