பட்டம் அளக்கும் முழக்கோல்

மார்கழி பிறந்துவிட்டால் சென்னை இசை மன்றங்களின் வாயில்தோறும் ஒரு சொற்போர் மூளும். பாடுவோர் உள்ளே இருப்பர். போரிடுவோர் குளம்பிக் குவளையும் கையுமாக வெளியே நிற்பர். அடுத்த ‘சங்கீத கலாநிதி’ யார்? இன்னார்க்கு இத்தனை ஆண்டாகியும் ஏன் தரவில்லை? இன்னார்க்கு ஏன் இத்துணை விரைவில் தந்தனர்? குரல் தேய்ந்த பின்னரா பட்டம் தருவது? மாணவர்க்குத் தந்துவிட்டு ஆசிரியரை விட்டது என்ன முறை? இவையே அப்போரின் படைக்கலங்கள். பத்து நாள் ஓயாத வழக்கு. பதினோராம் நாள் அவரவர் தம் வீடு திரும்புவர். அடுத்த மார்கழியில் அதே வழக்கு, வேறு பெயர்களோடு.

தம் உளங்கவர்ந்த இசைவாணர்க்குப் பெருமை வேண்டுவது சுவைஞர்க்கு இயல்பே. நல்லிசை கேட்டுக் கண் பனித்தவன், அதனைத் தந்தவர் பெயர் ஏட்டில் ஏற வேண்டும் என விழைவது நன்றியுணர்வின்பாற்படும். அதில் இழுக்கொன்றும் இல்லை. ஆயின் ஏட்டைத் திறப்பவர் யார், எழுதுகோலைப் பிடித்திருப்பவர் யார், எந்த முழக்கோலால் அளந்து எழுதுகின்றனர் என்னும் வினாக்களை அச்சுவைஞருள் ஒருவரும் எழுப்பக் காணோம்.

2024 மார்ச்சுத் திங்களில் இப்பூசல் தெருவுக்கே வந்தது. அவ்வாண்டுக்குரிய பட்டம் டி.எம். கிருட்டிணாவுக்கு என்று சென்னை மியூசிக் அகாதெமி அறிவித்தவுடன், பாடகர் சிலர் அவ்விழாவில் பங்குகொள்ளோம் என விலகினர். அவர்மீது சாற்றப்பட்ட குற்றங்களுள் ஒன்று, அவர் பெரியாரைப் போற்றினார் என்பது. பெருமாள்முருகன் இயற்றிய பெரியார் பாடலை அவர் பாடியிருந்தார், அது பொறுக்கவில்லை. எம்.எசு. சுப்புலட்சுமி பெயரால் ஒரு நாளிதழ் நிறுவனம் வழங்கிவரும் பரிசு பற்றி வழக்கும் எழுந்து உச்சநெறிமன்றம் வரை சென்றது. தமிழ்ப் பற்றாளருள் பலர் கிருட்டிணாவின் பக்கம் நின்று கைதட்டினர். பெரியார் பெயரைக் கேட்டு முகஞ்சுளித்தவரைக் கண்டால் தமிழர்க்குச் சினம் மூள்வது இயற்கை. எனினும், இருசாராரும் ஒன்றில் ஒத்திருந்தனர் என்பதை அக்கைதட்டலின் ஒலியில் எவரும் கேட்கவில்லை. அப்பட்டமே இசையின் முடி. அதனைச் சூட்டும் கையே சூட்டத்தக்க கை என்பதை இருசாராரும் ஒப்புக்கொண்டே மோதினர்.

அந்தக் கை எங்கிருந்து வந்தது? 1927 திசம்பரில் சென்னையில் பேராயக் கட்சி மாநாடு கூடியபோது உடன் நடந்த இசை மாநாட்டின் வழியாகப் பிறந்து, 1928இல் தொடங்கப்பெற்றது அகாதெமி. அது அரசன்று, பல்கலைக்கழகமும் அன்று, தனியார் சிலர் கூடி நடத்தும் ஒரு கழகம். ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை ஏற்பவர்க்குச் ‘சங்கீத கலாநிதி’ என்னும் வடமொழிப் பட்டம் வழங்குவதை 1942இல் அது வகுத்துக்கொண்டது. முன்பு தலைமை ஏற்றோர்க்கும் அப்பட்டத்தைப் பின்னோக்கி வழங்கியது. அதற்கு முந்திய ஆண்டு என்ன நடந்தது என்பதைத் தமிழர் மறத்தல் ஆகாது. 1941இல் அரசர் அண்ணாமலையாரின் முயற்சியால் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடிற்று. தமிழ்நாட்டு மேடைகளில் தமிழ்ப் பாடல்கள் பாடப்பெற வேண்டும் என்று கேட்டது. இவ்வளவே கேட்டது! அதே ஆண்டு இறுதியில், இசையின் தரத்தைக் காப்பதில் மொழி பற்றிய எண்ணம் இடையே புகுந்து அதனைத் தாழ்த்திவிடக் கூடாது என்னும் பொருள்பட அகாதெமி தீர்மானம் இயற்றியது. தமிழில் பாடினால் தரம் தாழுமாம்! தெலுங்கில் பாடினால் மட்டும் அது மொழியன்று, இசை! தமிழ் மேடையேறினால் அது மொழிச் சிக்கல்! கல்கியும் இரசிகமணி டி.கே.சி.யும் இராசாசியும் தமிழிசையின் பக்கம் நின்றும் அந்த நெஞ்சம் இளகவில்லை. தமிழ்ப் பாடல் கச்சேரியின் கடைசியில், எழுந்து செல்வோரின் செருப்போசைக்கு நடுவில் பாடும் ‘துக்கடா’வாகவே நெடுநாள் கிடந்தது.

முழக்கோல் அங்கே செய்யப்பட்டது. அதனால் அளந்தால் யார் நெடியர், யார் குறளர் என்பது அளக்கும் முன்னரே தெரிந்துவிடும்.

திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையை எடுத்துக்கொள்க. தோடிப் பண்ணை இரவெல்லாம் விரித்தவர். நின்றுகொண்டும் ஊர்வலத்தில் நடந்துகொண்டும் வாசிப்பதே நாகசுரக்காரர்க்கு விதி என்றிருந்த நாளில், மேடையில் அமர்ந்தே வாசிப்பேன் என்று நிமிர்ந்தவர். ஒத்துக்கு மாறாகத் தம்பூராவை வைத்துக்கொண்டவர். உச்சக் குரலுடைய திமிரிக்கு மாறாகப் பாரி நாயனத்தைக் கையாண்டு கருவியின் குரலையே மாற்றியவர். வாய்ப்பாட்டுக்காரர் பலரும் அவர் வாசிப்பைக் கேட்டுப் பண் விரிக்கக் கற்றனர். அவர் 1956 திசம்பர் 12இல் மறைந்தார். கலாநிதிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அதே 1956ஆம் ஆண்டின் பட்டம் நாகசுர மேதை திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்குக் கிடைத்தது, தகுதியானவர்க்கே கிடைத்தது. அதன்பின் இன்னொரு நாகசுரக்காரர் அப்பட்டம் பெற 42 ஆண்டுகள் கடந்தன. 1998இல் சேக்கு சின்ன மௌலானா பெற்றார். பிறகு? இல்லை. காருகுறிச்சி அருணாசலமும் இல்லை. நாமகிரிப்பேட்டை கிருட்டிணனும் இல்லை. தவிலுக்கு 2009இல்தான் வளையப்பட்டி சுப்பிரமணியம் வழியாகக் கதவு திறந்தது. தமிழ் நிலத்தின் கோயில்களில் பல நூற்றாண்டாய் ஒலித்த கருவிக்கு இரண்டே பெயர்! விழாவைத் தொடங்கி வைக்க ‘மங்கல இசை’ என்று அக்கருவியை அழைப்பதில் மட்டும் மன்றங்களுக்குக் குறைவில்லை. கதவைத் திறக்க நாகசுரம் வேண்டும். கதவு திறந்தபின் நாகசுரக்காரர் வெளியே நிற்க வேண்டும்.

ஓதுவாரின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணம் என்றும், கௌசிகத்தைப் பைரவி என்றும், இந்தளத்தை மாயாமாளவகௌளை என்றும் பெயர் மாற்றிப் பாடுவோர் பெரும் பாடகர். அப்பண்களைத் தேவாரத்தோடு வழிவழியாய்க் காத்துத் தந்த ஓதுவாரோ, பாடகராகவே எண்ணப்படார்! அவர் கோயில் ஊழியர். தில்லையில் சிவனடியார் ஆறுமுகசாமி திருச்சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாடுவதற்கு 2008இல் அரசாணையும் காவற்படையும் வேண்டியிருந்தன. பாடுவதற்கே காவல் வேண்டும் நாட்டில் பட்டத்தைப் பற்றிப் பேசுவது எங்ஙனம்?

நடுவுநிலையும் வேண்டும். அகாதெமியின் பட்டியல் முழுவதும் ஒரே குலத்தாரால் நிரம்பியது என்பது பொய். கும்பகோணம் இராசமாணிக்கம் பிள்ளை 1948இலும், சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை 1954இலும் பெற்றுள்ளனர். 1968இல் எம்.எசு. சுப்புலட்சுமியும் 1973இல் ஆடற்கலை அரசி பாலசரசுவதியும் பெற்றனர். தமிழ்ப் பாட்டாசிரியர் பாபநாசம் சிவன் 1971இல் பெற்றார். மற்றொரு புறம், குழலிசையில் ஒப்பாரில்லாத மாலியும், எம்.டி. இராமநாதனும், வீணை பாலச்சந்தரும் பட்டம் பெறாமலே மறைந்தனர். அவர்கள் பிறப்பால் அகாதெமியாரின் அயலாரல்லர். எனவே எல்லாவற்றையும் குலம் ஒன்றாலேயே விளக்கிவிட முடியாது. ஆயினும் ஒன்று காண்க. மாலிக்கு ஏன் தரவில்லை என்று கேட்போர் இன்றும் ஆயிரவர். தருமபுரத்து ஓதுவார்க்கு ஏன் தரவில்லை என்று கேட்டவர் எவர்? விடுபட்டார் என்று நினைக்கப்படுவதற்கே ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. பட்டியலில் இல்லாமை ஓர் இழப்பு. பட்டியலுக்கு எண்ணப்படவே இல்லாமை வேறோர் இழப்பு.

தமிழர்க்கு இசைவாணரைப் பெருமைப்படுத்தும் முறை தெரியாது என்பாரும் உளர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் புரட்டுக. ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அறுவர்க்கும் இன்னின்ன தெரிந்திருத்தல் வேண்டும் என இளங்கோவடிகள் வரையறுத்துள்ளார். அதுவன்றோ முழக்கோல்! யாருக்குத் தெரிந்தவர், யார் வீட்டு விருந்தினர் என்னும் பேச்சு அங்கில்லை. ஏழாண்டு பயின்று அரங்கேறிய மாதவி தலைக்கோல் பெற்றாள். ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் மதிப்புள்ள மாலை பெற்றாள். அறிந்தோர் முன்னும் அரசன் முன்னும் ஆடிக் காட்டிப் பெற்ற பெருமை அது.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்வோர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துத் திரும்பிவிடுகின்றனர். குனிந்து கல்லைப் படிப்பார் அரியர். அருண்மொழித் தேவனாம் முதலாம் இராசராசன் திருப்பதியம் பாட 48 பிடாரரையும், உடன் உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் முழக்க ஒருவரையும் அமர்த்தி, ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் அளித்தான். ஆடல் மகளிர் 400 பேரை ஊர்தோறுமிருந்து வருவித்துக் குடியமர்த்தினான். அவர்கள் ஒவ்வொருவர் பெயரும், முன்பிருந்த தளியும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. வேந்தன் பெயர் பொறித்த அதே கோயிலில் பாடியவர் பெயரும் ஆடியவர் பெயரும் ஆயிரம் ஆண்டாய் நிற்கின்றன. அம்மகளிரின் வாழ்வு பின்னாளில் எவ்வாறு சீரழிக்கப்பட்டது என்பது வேறு வரலாறு. அதனை மறைத்துப் பழம்பெருமை பேசுதல் தகாது. பெயரைப் பதிவு செய்யும் பண்பு இங்கே இருந்தது என்பதே இங்குச் சொல்ல வந்தது.

இனித் தமிழர் தம் முதுகையும் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும். 1943இல் தமிழிசைச் சங்கம் தோன்றியது. அண்ணாமலை மன்றம் 1952இல் எழுந்தது. ‘இசைப் பேரறிஞர்’ என்னும் நல்ல தமிழ்ப் பட்டமும் வந்தது. தேவாரத்துக்கும் பாவேந்தர் பாட்டுக்கும் உயிரூட்டிய தண்டபாணி தேசிகரைப் போன்றார் அதனைப் பெற்றது பட்டத்துக்கே பெருமை. பண்ணாராய்ச்சிக் கூட்டங்களும் ஆண்டுதோறும் நடந்தன. பாராட்டுக்குரியனவே. ஆனால் அகாதெமியில் முடிசூடியவரையே இங்கும் அழைத்து முடிசூட்டிய ஆண்டுகள் பல. அங்கே 1968, இங்கே 1970. அவர்களுடைய தகுதியில் ஐயமில்லை. அம்முழக்கோலை எதிர்த்துப் பிறந்த மன்றம், அம்முழக்கோல் அளந்து முடித்தவரைத் தேடிச் செல்வானேன்? ஓதுவார்க்குப் ‘பண்ணிசைப் பேரறிஞர்’ என்று தனியே ஒன்று! தேவாரப் பண் பாடுபவர் பண்ணிசை அறிஞராம். கீர்த்தனை பாடுபவர் இசை அறிஞராம். தனிப் பந்தி இட்டுச் சோறு போடுவதைப் பெருமை என்று எவரும் சொல்லார்.

மன்றத்தாரை மட்டும் நோவானேன்? தமிழ்ப் பற்றாளர் வீட்டுத் திருமணத்துக்குச் சென்று பாருங்கள். சடங்கில்லை, வடமொழி இல்லை, நன்று. நாகசுரம் இருக்கும். அவர் கரகரப்பிரியாவை எழுப்பிக்கொண்டிருப்பார். முன்வரிசையில் தலைவர்கள் அரசியல் பேசிக்கொண்டிருப்பர். தாலி கட்டும் நேரத்தில் யாரோ ஒருவர் கையை உயர்த்தி ‘கெட்டி மேளம்’ என்பார். பாதிப் பண் அறுந்து விழும். விருந்தில் அவருக்குக் கடைசிப் பந்தி. பேசியதில் குறைத்துக் கையில் திணிக்கும் பணம். அவர் மகன் கணிப்பொறி படிக்கப் போய்விட்டான் என்று கேட்டு, கலை அழிகிறதே எனப் பெருமூச்செறிபவரும் அதே முன்வரிசைக்காரர்தாம்! அகாதெமி பட்டம் மறுத்தது. இவர்கள் காது மறுத்தனர்.

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் எவரிடமும் பட்டம் இரந்தவரல்லர். மருத்துவத் தொழிலில் ஈட்டிய பொருளைக் கொண்டு, அகாதெமி பிறப்பதற்குப் பதினாறாண்டு முன்னரே, 1912இல் தஞ்சையில் இசை மாநாடுகளைக் கூட்டத் தொடங்கினார். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலைத் தந்து தமிழிசையின் இலக்கணத்தை நிறுவினார். ஈழத்துக் காரைதீவு தந்த விபுலானந்த அடிகள் ஆண்டுக்கணக்கில் உழைத்து ‘யாழ் நூல்’ கண்டார். 1947இல் நூல் அரங்கேறிய அடுத்த திங்களே கண்மூடினார். பட்டியல் தம்மை ஏற்குமா என்று அவர்கள் காத்திருக்கவில்லை. தாமே அளவை செய்தனர்.

அகாதெமியின் படிக்கட்டில் நின்று இன்னாரை ஏன் விட்டாய் என்று கேட்பது தமிழர்க்கு வேலையன்று. அவர் கழகம், அவர் பட்டம்; அவர் விரும்பியவர்க்குத் தருக. பொதுமக்கள் வரிப்பணத்தில் நடக்கும் வானொலியும் இசைக்கல்லூரிகளும் கலைமாமணி வழங்கும் அரசும் அதே முழக்கோலைக் கடன் வாங்குவதைத்தான் கேட்க வேண்டும்; உரக்கக் கேட்க வேண்டும். ஓதுவார் பணியிடங்கள் எத்தனை கோயில்களில் நிரப்பப்படாமல் உள்ளன என்று ஊர்தோறும் கணக்கெடுத்து, அறநிலையத்துறைக்கு விண்ணப்பம் செல்ல வேண்டும்.

அதற்கு முன்னே செய்யத்தக்க சிறு பணி ஒன்றுண்டு. அடுத்த மார்கழிக்குள் ஒவ்வோர் ஊரிலும் உள்ள அன்பர்கள் தம் ஊர் ஓதுவார், நாகசுரக்காரர், தவில்காரர், கணியான் கூத்தர், பறையிசைப்பவர் இல்லங்களுக்குச் சென்று எழுதி வரலாம். பெயர், ஊர், கற்பித்த ஆசிரியர், கைவந்த பண்கள், தொண்டு செய்த கோயில் அல்லது களம் ஆகியவை போதும். அவர்கள் பாடினால் அமர்ந்து கேட்டுவிட்டு வரலாம், இடையில் எழாமல்.