சைரன் அலறினால் போதுமா?

போலீஸ் ஜீப் சைரன் போட்டுக்கொண்டு பறக்கிறது. ரோட்டில் போகிறவர்கள் ஒதுங்குகிறார்கள். "ஏதோ பெரிய கேஸ்!" என்று டீக்கடையில் பேச்சு. அந்த ஜீப் டிரைவருக்கு வண்டி ஓட்டத் தெரியும். சந்தேகம் இல்லை. ஆனால் அவசரத்தில் ஓட்டத் தெரியுமா? அது தனி வித்தை. அதைத் தனியாகத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பாரூர் வட்டாரத்து ரோடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். டிராக்டர் வரும், மாடு வரும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் போச்சம்பள்ளி சந்தைக் கூட்டம். சீசனில் மாங்காய் லாரிகள். சிப்காட்டில் ஷிப்ட் முடிந்தால் கம்பெனி பஸ்கள். கிருஷ்ணகிரி–ஓசூர் நெடுஞ்சாலைக்கு ஏறினால் கன்டெய்னர் லாரிகளின் படையெடுப்பு!

2023 ஜூலை 29-ந் தேதி கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசு குடோன் வெடித்து 9 பேர் மாண்டார்கள். அதே ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை பற்றி எரிந்தது. பத்துப் பேருக்கு மேல் கருகிச் செத்தார்கள். இப்படிப்பட்ட நாளில் தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், போலீஸ் ஜீப் எல்லாம் ஒரே ரோட்டில் ஓடும். அதில் ஒன்று தடம் மாறினால் என்ன ஆகும்? ஒரு விபத்து இரண்டாகும்!

ஒன்றரை நிமிஷம்!

ஒரு சின்னக் கணக்கு. 10 கிலோ மீட்டர் போகவேண்டும். 80 கி.மீ. வேகத்தில் போனால் ஏழரை நிமிஷம். 100-ல் போனால் 6 நிமிஷம். மிச்சம் ஒன்றரை நிமிஷம். அந்த ஒன்றரை நிமிஷம் ஓர் உயிரைக் காப்பாற்றும் என்பது உண்மைதான். ஆனால் போய்ச் சேர்ந்தால்தானே காப்பாற்ற முடியும்?

100 கி.மீ. வேகத்தில் ஒரு வினாடிக்குள் வண்டி 28 மீட்டர் ஓடிவிடும். டிரைவர் ஆட்டைப் பார்த்து, காலை பிரேக்குக்குக் கொண்டுபோவதற்குள் அவ்வளவு தூரம் போய்விடும். வேகம் இரண்டு மடங்கு ஆனால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு ஆகும். சைரன் இதை மாற்றாது.

லண்டனில் நடந்தது

லண்டன் போலீசும் ஒரு காலத்தில் இதே தலைவலியில் கிடந்தது. 1930-களில் ஹெண்டனில் டிரைவர் பள்ளிக்கூடம் திறந்தார்கள். பந்தயக் கார் ஓட்டிய காட்டன்ஹாம் பிரபுவை அழைத்து வந்து பாடம் வகுத்தார்கள். 'வேகமாகப் போ' என்பதல்ல அவர் தந்த பாடம். முதலில் பார், பிறகு இடம் பிடி, பிறகு வேகத்தைக் குறை, பிறகு கியர் மாற்று, கடைசியில்தான் வேகம் எடு என்கிற வரிசை.

இன்னொரு பயிற்சியும் உண்டு. டிரைவர் கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டவேண்டும். "முன்னால் பஸ் நிற்கிறது, மறைவிலிருந்து ஆள் வரலாம், இடது பக்கம் சந்து..." சொல்லச் சொல்லக் கண் தானாக முன்னால் ஓடும்.

சட்டம் சொல்வது என்ன?

2017-ம் ஆண்டு வாகன ஓட்டல் விதிகள் அவசர வண்டிக்குச் சலுகை தருகின்றன. சிவப்பு விளக்கைத் தாண்டலாம். வேக எல்லையை மீறலாம். ஆனால் "உரிய கவனத்தோடு" என்றும் சேர்த்தே சொல்கின்றன. அந்தக் கவனம் பழக்கத்தில் வருவது. லைசென்ஸ் அட்டையில் வருவதல்ல.

பொதுமக்களுக்கும் பங்கு உண்டு. ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டால் 10 ஆயிரம் ரூபாய் அபராதம், 6 மாதம் வரை ஜெயில். இதற்கு 2019-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. சைரன் கேட்டால் இடது பக்கம் ஒதுங்குங்கள். ஆம்புலன்சின் வாலைப் பிடித்துக்கொண்டு முந்திப் போகும் கெட்டிக்காரத்தனம் வேண்டாம்!

ஊனமாஞ்சேரியில் போலீஸ் அகாடமி இருக்கிறது. நாமக்கல்லில் டிரைவர் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஓசூரில் லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்கிற தொழிற்சாலைகளே இருக்கின்றன. ஆகவே இடத்துக்கும் ஆளுக்கும் பஞ்சம் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஸ்டேஷன் ஜீப் ஓட்டும் ஒவ்வொரு போலீஸ்காரருக்கும் அவசர ஓட்டப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஈரத் தரையில் பிரேக் பிடிப்பது, இரவில் ஓட்டுவது, சந்தைக் கூட்டத்தில் நுழைவது எல்லாம் அதில் இருக்கவேண்டும். ஒரு தடவை கொடுத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. வருஷா வருஷம் பரீட்சை வைக்கவேண்டும். தேறாதவர் கையில் சைரன் வண்டியின் சாவி போகக் கூடாது.

இதற்கு ஆகும் செலவு, ஒரு ஜீப் நொறுங்கினால் ஆகும் செலவைவிடக் குறைவு. போகிற உயிருக்கோ விலையே இல்லை. போலீஸ் மேலிடம் உடனே கவனிக்கட்டும்!