எந்தத் தெரு என்று கேட்காத சட்டம் வேண்டும்

போன மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருமழிசையை ஒட்டிய எங்கள் ஏரியில் தண்ணீர் வற்றி, உள்வாய் முழுக்கப் புல் முளைத்திருந்தது. காலை ஏழு மணிக்கெல்லாம் பதினொரு வண்டிகள் கரையேறி உள்ளே இறங்கின. நான்கு தார் ஜீப்புகள், மிச்சம் ஏழும் உயரமான ஹிமாலயன் வகை பைக்குகள். என் அத்தை அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்களில் ஒருவர் அவரிடம், "அம்மா, ஆட்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் ஓட்டிக்கிறீங்களா, வீடியோல விழுது" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அத்தையும் ஓட்டிக்கொண்டு போனார். மதியம் கிளம்பும்போது அவர்கள் கீழே கிடந்த தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி, சாக்கோடு நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள். 'பொறுப்பான ஆஃப்-ரோடு பயணம்' என்று அதற்குப் பெயர்.

அன்று மாலை என் சித்தப்பா மகனை நெடுஞ்சாலையில் ஒரு வாகனச் சோதனையில் மடக்கினார்கள். அவனுக்கு இருபது வயது. தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஷிப்ட் முடிந்து பழைய பல்சரில் வந்துகொண்டிருந்தான். ஹெல்மெட் இருந்தது, லைசென்ஸ் இருந்தது, இன்சூரன்ஸ் இருந்தது. சைலன்சர் மட்டும் மாற்றியது. அது தப்பு, அவனுக்கே தெரியும். ஆனால் அவனிடம் கேட்ட முதல் கேள்வி சைலன்சரைப் பற்றியது அல்ல. "எந்த ஊரு? எந்தத் தெரு?" தெருவைச் சொன்னதும் பேச்சு ஒருமைக்கு மாறியது. பாக்கெட்டைத் துழாவினார்கள், செல்போனை வாங்கிப் பார்த்தார்கள், வண்டியை நிறுத்திக்கொண்டார்கள். வண்டியை மீட்க அலைந்ததில் மூன்று நாள் கூலி போனது.

ஏரிக்குள் இறங்கிய பதினொரு வண்டிகளிடம் எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. கேட்க அங்கே யாரும் வரவே இல்லை.

வாகன விதிகளை அமல்படுத்த வேண்டும் என்று குரல் எழும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு காட்சிகளும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. விதிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதி வண்டியைப் பார்க்கிறதா, ஓட்டுபவனின் தெருவைப் பார்க்கிறதா என்பதுதான் என் கேள்வி.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தார்ச்சாலையோடு நின்றுவிடுவதில்லை. அதன் 2(34) பிரிவு 'பொது இடம்' என்பதற்குத் தரும் விளக்கத்தில், பொதுமக்கள் சென்றுவர உரிமையுள்ள எந்த இடமும் அடங்கும். அது போக்குவரத்துப் பாதையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. ஊரே ஆடுமாடு மேய்க்கும் ஏரி உள்வாய் இந்த விளக்கத்துக்குள் வரும் என்பதே என் வாசிப்பு. அப்படியானால் அபாயகரமாக ஓட்டுவதைத் தண்டிக்கும் 184ஆம் பிரிவு அங்கேயும் செல்லும். அரசின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பொது இடத்தில் பந்தயம் விடுவதைத் தண்டிக்கும் 189ஆம் பிரிவும் செல்லும். வண்டியின் அமைப்பை விதிக்குப் புறம்பாக மாற்றுவது எல்லோருக்கும் குற்றம். பல்சரின் சைலன்சருக்கு மட்டுமல்ல, ஜீப்பின் டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் சேர்த்துத்தான். ஆகவே சட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டாம். சட்டம் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுகொண்டு ஏரிக்கு முதுகைக் காட்டுகிறது.

ஏன் காட்டுகிறது? ஏரியில் இறங்குகிறவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் அது காலி இடம் என்பதால்தான். புறம்போக்கு என்ற சொல்லையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கும் சமூகம் இது. வருவாய்த்துறைப் பதிவேட்டில் அந்தச் சொல்லுக்கு வரி விதிக்கப்படாத, பொதுப் பயன்பாட்டுக்கான நிலம் என்று பொருள். மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளி, வண்டிப்பாதை, சுடுகாடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன்பாடு உண்டு. நிலமற்றவர்களுக்கு இருக்கும் ஒரே நிலம் அதுதான். எங்கள் அத்தையிடம் பட்டா கிடையாது; எட்டு ஆடுகள் இருக்கின்றன. அந்த ஆடுகளின் நிலம் ஏரி உள்வாய்.

இந்தக் 'காலி இடம்' என்ற சொல்லுக்கு எங்கள் மாவட்டத்தில் நீண்ட வரலாறு உண்டு. அன்றைய செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையில், தரிசாகக் கிடக்கும் நிலத்தைக்கூடப் பறையர்கள் பெறவிடாமல் மிராசுதாரர்கள் தடுப்பதைப் பதிவுசெய்தார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது அதன் தொடர்ச்சியாகத்தான். நாங்கள் கேட்டால் அது யாருக்கோ சொந்தமான நிலம். வேறு யாராவது வந்தால் அது காலி நிலம். 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு காய்கறிச் சந்தையை மூடியபோது, துணைநகரத்துக்கென்று வைத்திருந்த திருமழிசை வெளியில்தான் தற்காலிகச் சந்தையைக் கொண்டுவந்து போட்டார்கள். மழை பெய்ததும் அது சேறானது. அந்தச் சேற்றில் மூட்டை தூக்கிய சுமைத் தொழிலாளிகளை யாரும் ஆஃப்-ரோடு வீரர்கள் என்று அழைக்கவில்லை.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமையின் மிச்சத்தைச் சொல்கிறேன். மாலையில் நான் ஏரிக்குப் போனபோது கரையில் மூன்று இடங்களில் டயர் ஏறி இறங்கிய பள்ளம் இருந்தது. எங்கள் ஏரிகளின் கரை மண் கரை. மழைநீர் அந்தப் பள்ளத்தைத்தான் முதலில் பிடித்து அறுக்கும். மதகும் கலங்கலும் நன்றாக இருந்தும், கரை அறுந்தால் ஏரி இல்லை. உள்வாயில் கனமான வண்டி திரும்பத் திரும்ப ஓடினால் மண் இறுகும். இறுகிய மண்ணில் புல் தழைக்காது, தண்ணீரும் எளிதில் இறங்காது. தரையிலேயே முட்டையிடும் ஆட்காட்டிக் குருவிக்கு மாசி, பங்குனி தொடங்கி முட்டையிடும் காலம். ஜீப்பில் இருப்பவருக்கு அந்த முட்டை கூழாங்கல்லாகக்கூடத் தெரியாது.

இவையெல்லாம் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் சொல்வதுதான். அவர்கள் சொல்லாத ஒன்று உண்டு. ஏரியின் கிழக்கு ஓரத்தில் வரிசையாகச் சில மண்மேடுகள் இருக்கும். வண்டியை ஏற்றிக் குதிக்கத் தோதான உயரம். அன்று அதில் ஏற்றிக் குதித்திருக்கிறார்கள். இரண்டு மேடுகள் சரிந்து கிடந்தன. அவை எங்கள் தெருவின் சமாதிகள். கல் நட, பெயர் பொறிக்க வசதி இல்லாதவர்களின் சமாதிகள் அப்படித்தான் இருக்கும்.

வந்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் ஆடுகளை நகர்த்தச் சொல்ல அத்தையிடம் பேசியவர், அதே வாயால் "இங்கே ஓட்டலாமா, எங்கே ஓட்டக் கூடாது" என்று கேட்டிருக்கலாம். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். குப்பை பொறுக்கும் பொறுப்பு இருந்தது. அங்கே வாழ்பவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற எண்ணம் எழவில்லை. நிலத்துக்குப் பொறுப்பாக இருப்பதும் நிலத்தின் மனிதர்களுக்குப் பதில் சொல்வதும் வேறுவேறு என்று நம் நாட்டு நடுத்தர வர்க்கம் நினைக்கிறது. சாதி அந்த இடைவெளியில்தான் வசதியாக உட்கார்ந்திருக்கிறது.

'ஆஃப்-ரோடு' என்றால் சாலைக்கு வெளியே. சாலை இருந்தும் விட்டு விலகிப் போவது சிலருக்கு விடுமுறை நாள் விளையாட்டு. எங்களுக்கோ சாலையில் நடக்கவே சட்டம் தேவைப்பட்டது. பொதுச் சாலையிலும் தெருவிலும் எந்தச் சாதியினரும் நடக்கலாம் என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தது 1924இல். அவரும் இதே செங்கல்பட்டு மண்ணின் மகன். தொண்ணூற்றைந்து ஆண்டுகள் கழித்து, 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் இறந்துபோன ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழியை நில உடைமையாளர்கள் மறித்திருந்தார்கள். காட்சி வெளியானதும் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டியதுதான் அவர்கள் கண்ணை உறுத்தியது என்று குடும்பத்தார் சொன்னார்கள். மூன்று பேர் கைதானார்கள்.

இந்த நாட்டில் வண்டி ஓட்டுவது வெறும் போக்குவரத்து விவகாரம் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். எங்கள் பையன் பைக் வாங்கினால் ஆதிக்கச் சாதிக்கு அது திமிர். சோதனையில் நிற்பவருக்கு அது சந்தேகம். அதே வயதுப் பையன் ஜீப்பில் ஏரிக்குள் இறங்கினால் அது சாகசம்.

புறம்போக்கில் விதியே அமலாவதில்லை என்றும் சொல்ல முடியாது. குடிசை போட்டுப் பாருங்கள், அமலாகும். நீர்நிலைகளைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 2007இலேயே ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. ஊர்ப் பொது நிலங்களில் ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, நிலமற்ற உழைப்பாளிகளுக்கோ பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கோ அரசு குத்தகைக்குக் கொடுத்த நிலத்தை விதிவிலக்காக வரன்முறைப்படுத்தலாம் என்றும் சொல்கிறது. ஆனால் 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்குப் பெயர்த்தெறியப்பட்டவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். குடிசை போட்டவர் ஆக்கிரமிப்பாளர். கரையை அறுத்துவிட்டு மாலையே வீடு திரும்பியவர் சுற்றுலாப் பயணி.

"எதற்கெடுத்தாலும் சாதியா?" என்று சிலர் கேட்பார்கள். நான் அந்தச் சோதனையில் நின்றவரிடம் கேட்கிறேன்: சைலன்சர் சத்தத்தை அளக்கத் தெரு பெயர் எதற்கு? அந்தக் கேள்வியை அவர் விட்டால் நானும் விட்டுவிடுகிறேன்.

நம் தோழர்கள் சிலரிடமும் எனக்கு முரண்பாடு உண்டு. நம் பையன்கள் நெடுஞ்சாலையில் வீலிங் செய்வதை எதிர்ப்புணர்வு, கொண்டாட்டம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரு நெடுஞ்சாலையில் கனரக லாரிகளுக்கு நடுவே முன்சக்கரத்தைத் தூக்குகிறவன் விழுந்தால் யார் வீட்டில் சாவு? சாலையைக் கடக்கிற துப்புரவுத் தொழிலாளி மீது மோதினால் யார் வீட்டில் சாவு? இரண்டும் நம் வீடுதான். விதி நம்மைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும். விதியை எல்லோருக்கும் கேட்பதுதான் நம் அரசியல். நமக்கும் விலக்கு வேண்டும் என்பது அல்ல.

என்ன செய்யலாம்? ஏரிக்கரையிலும் உள்வாயிலும் பொழுதுபோக்குக்கு மோட்டார் வாகனம் இறங்கத் தடை என்பதே இயல்பு நிலையாக இருக்க வேண்டும். பலகை வைத்து, சட்டப் பிரிவையும் புகார் எண்ணையும் தமிழில் எழுத வேண்டும். ஏதாவது ஒரு மேட்டு நிலத்தில் அனுமதி கொடுப்பதானால், அங்கே மேய்ப்பவர்களும் விறகு எடுப்பவர்களும் சுடுகாடு உள்ளவர்களும் உட்கார்ந்து பேசிய பிறகு, கிராம சபையோ பேரவைக் கூட்டமோ தீர்மானித்துக் கொடுக்கட்டும். கட்டணம் அந்த ஊருக்கே வரட்டும். வாகனச் சோதனையில் குற்றம், பிரிவு, இடம், புகைப்படம் ஆகிய நான்கும் போதும். முகவரி லைசென்ஸிலேயே இருக்கிறது, வாய்மொழியாகத் தெருவைக் கேட்பது தடைசெய்யப்பட வேண்டும். எந்த இடத்தில் எத்தனை வண்டிகள் பிடிக்கப்பட்டன என்ற விவரத்தை மாதாமாதம் வெளியிட வேண்டும். ஏரிகளில் எத்தனை, நம் தெருமுனைகளில் எத்தனை என்று நாமே எண்ணிப் பார்த்துக்கொள்கிறோம்.

கடைசியாக, ஓட்டுவதற்கு ஒரு களம். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிப் பொதுச் சாலைகளை மூடி, மூன்றரை கிலோமீட்டர் தடம் அமைத்து, இரவில் விளக்குப் போட்டு ஃபார்முலா 4 பந்தயம் நடத்த முடிந்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தடம் இருக்கிறது. எங்களூர்ப் பையன்கள் வேலைக்குப் போகும் வழிதான், ஆனால் அதன் வாசலைத் தாண்டியவர்கள் எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் உழைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு மண் தடம், ஒரு பயிற்றுநர், வாடகைக்குப் பாதுகாப்பு உடை. அரசால் இதைச் செய்ய முடியாதா?

என் தம்பி பழைய சைலன்சரையே திரும்ப மாட்டிவிட்டான். சரிந்த சமாதிகளுக்கு நாங்கள் மண் அணைத்துவிட்டோம். கரையில் இருந்த மூன்று பள்ளங்களையும் தெருப் பையன்கள் பத்துப் பேர் சேர்ந்து மண்வெட்டியோடு போய் மூடினார்கள். அவர்களில் நான்கு பேருடைய வண்டிகள் அந்த ஆண்டில் ஒருமுறையாவது சோதனையில் பிடிபட்டவை. ஏரிக்கரையை மூடிய நாளில் அவர்களை யாரும் படம் எடுக்கவில்லை.